பதினேழாவது பெயர்

2024 நவம்பர் 27, புதன்கிழமை, காலை பதினொன்று இருபது. விருதுநகரில் முந்தைய நாள் மாலை தொடங்கிய தூறல் நிற்கவும் இல்லை. மழை என்று சொல்லத்தக்க அளவுக்கு வலுக்கவும் இல்லை. பன்னிரண்டு மணிக்கு ராகு காலம் தொடங்கிவிடும். ஆகவே சண்முகவேல் நாற்பது நிமிடங்களைக் கையில் வைத்துக்கொண்டு, அந்த மூன்று மாடிக் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் இருந்த வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றினார். கழற்றிய செருப்புகள் ஒன்றுக்கொன்று நேராக இருக்கின்றனவா என்று ஒரு முறை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

பையில் படிவம் இருந்தது. குடியிருப்போர் சங்கம் நகலெடுத்து வைத்திருந்த ஒற்றைத் தாள். புதிதாக வாடகைக்கு வருகிற எவரும் அதை நிரப்பித் தர வேண்டும். அதில் மூன்று எழுத்துப் பிழைகள் இருந்தன. ‘நிரந்தர முகவரி’ என்பது ‘நிரந்திர முகவரி’ ஆகியிருந்தது. சிவகாசியில் முப்பத்தொரு ஆண்டுகள் அச்சகம் நடத்தியவருக்கு அதைத் திருத்தாமல் விடுவது கால் விரலில் குத்திய முள்ளோடு நடப்பதைப் போன்றது. இருந்தும் விட்டுவிட்டார். வீடு கேட்டு வந்தவன் வீட்டுக்காரர்களின் பிழையைத் திருத்தக்கூடாது என்பது கடந்த எட்டு மாதங்களில் அவர் கற்றுக்கொண்டவற்றுள் ஒன்று. ஒன்பதாவது கலத்தில் ‘முந்தைய வீட்டைக் காலி செய்த காரணம்’ என்று கேட்டிருந்தார்கள். ‘தொழில் காரணம்’ என்று எழுதியிருந்தார். அது பொய் இல்லை. பதினொன்றாவது கலம், விண்ணப்பதாரரைப் பத்து ஆண்டுகளுக்கு மேலாக அறிந்த ஒருவரின் சான்றும் கையொப்பமும். அதை வெறுமையாக விட்டிருந்தார்.

அன்று காலை பேருந்து நிலையத்துக்கு எதிரே உள்ள விடுதி அறையில், படிவத்தை நிரப்பி முடித்து மூன்று முறை வாசித்த பிறகு, அவர் இன்னொன்றும் செய்திருந்தார். கீழே பெட்டிக்கடையில் மஞ்சள் பொட்டலம் ஒன்று வாங்கி, தண்ணீர் பாட்டிலின் மூடியில் குழைத்து, தாளின் நான்கு மூலைகளிலும் ஒற்றினார். அதைப் பற்றி அவர் யோசிக்கவே இல்லை. அவருடைய அச்சகத்தில் எந்த வேலையாக இருந்தாலும், இயந்திரத்திலிருந்து பிழையின்றி வெளிவரும் முதல் தாளுக்கு நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிச் சாமி படத்தின் முன் வைப்பது வழக்கம். கை அதைச் செய்து முடித்திருந்தது. நல்லது நடக்க வேண்டும் என்றால் அந்தக் கைக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

சங்கச் செயலாளர் ஹரிபிரசாத் நாற்பது வயதுக்காரர், காப்பீட்டு முகவர், சிரித்துப் பேசியே பிழைப்பவர். அவர் எதிர் நாற்காலியில் இருந்தார். சன்னலோரமாக, இரண்டாம் மாடி வீட்டின் உரிமையாளர் லட்சுமிகாந்தம் அமர்ந்திருந்தார். பத்திரப் பதிவு அலுவலகத்தில் முப்பத்தாறு ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கணவர் இல்லை. கீழே இந்த வீட்டில் தாம் இருந்துகொண்டு மேலே உள்ளதை வாடகைக்கு விடுகிறார். சண்முகவேல் போன ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டைப் பார்த்துவிட்டுப் போயிருந்தார்.

“வாங்க அண்ணாச்சி, உக்காருங்க. நனைஞ்சிட்டீகளா?” என்ற ஹரிபிரசாத் தாளை வாங்கிப் பிரித்தார். பிரித்ததும் உரக்கச் சிரித்தார். “அட, நாலு மூலையிலயும் மஞ்சளா! என்ன அண்ணாச்சி இது, கல்யாணப் பத்திரிகையா, மஞ்சக் கடுதாசியா?”

அந்த மாவட்டத்தில் மஞ்சக் கடுதாசி என்றால் என்னவென்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. தொழில் நொடித்து, கடனைத் தீர்க்க வகையில்லை என்று நீதிமன்றத்தில் ஒருவர் மனுக் கொடுத்தால், பணம் தந்தவர்களுக்கெல்லாம் ஓர் அறிவிப்புப் போகும். அதுதான் மஞ்சக் கடுதாசி. அது எந்தக் காலத்தில் மஞ்சளாக இருந்தது என்று தெரியவில்லை. சண்முகவேல் கொடுத்தது வெள்ளைத் தாள், கனம் எழுபது ஜிஎஸ்எம்.

ஹரிபிரசாத் விளையாட்டாகத்தான் சொன்னார். கூடச் சேர்ந்து சிரித்திருந்தால் பேச்சு அதோடு வாடகை, தண்ணீர், வண்டி நிறுத்தும் இடம் என்று போயிருக்கும். இது சண்முகவேலுக்கு அந்தக் கணத்திலேயே தெரிந்தது. உதடுகளை விரிக்கவும் செய்தார். சிரிப்பு வரவில்லை. ஹரிபிரசாத்தின் சிரிப்பு தனியாகக் கொஞ்ச தூரம் போய், துணை இல்லை என்று கண்டு நின்றது.

லட்சுமிகாந்தம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

“நீங்க குடுத்தவுகளா, வாங்கினவுகளா?”

“குடுத்தவன்மா. போன வருசம்.”

“அண்ணாச்சி, நான் சும்மா வெளையாட்டுக்கு...” என்று தொடங்கிய ஹரிபிரசாத், அது விளையாட்டு இல்லை என்று ஆகிவிட்டதைக் கண்டு தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்புறம் எதுவும் இல்லை. “தப்பா நெனைக்காதீக. நாளைக்கு யாராச்சும் வாசல்ல வந்து நின்னு சத்தம் போட்டா, பதினோரு வீட்டுக்கும் நாந்தான் பதில் சொல்லணும்.”

“வீடு என்னுது, ஹரி” என்றார் லட்சுமிகாந்தம். பிறகு சண்முகவேலைப் பார்க்காமல், சன்னலைப் பார்த்துச் சொன்னார்: “எங்கய்யாவுக்கும் ஒருத்தர் குடுத்தாரு. மல்லாங்கிணத்துல பருத்தி யாவாரம் பாத்தவரு. எங்கய்யா பேரு ராமலட்சுமணன். கடுதாசியில லட்சுமணன்னு மட்டும் போட்டிருந்துச்சு. இது எனக்கு வந்ததில்ல, வேற யாருக்கோ வந்தது, எம் பணம் வந்துரும்னு சொல்லிக்கிட்டே பதினாலு வருசம் இருந்தாக. செத்த அன்னைக்கும் தலமாட்டுல அது கெடந்துச்சு. பேர ஒழுங்காப் போட்டிருந்தா அன்னைக்கே அழுது முடிச்சிருப்பாக.”

சண்முகவேல் சொல்ல நினைத்ததைச் சொல்லலாமா என்று யோசித்தார். தற்பெருமைபோல் ஆகிவிடும். ஆனால் தற்பெருமைக்கென்று அவரிடம் மிஞ்சியிருந்தது அது ஒன்றே.

“எம் மனுவுல முப்பத்தோரு பேரும்மா. நானே ப்ரூஃப் பாத்தேன். மூணு பேரு தப்பா இருந்துச்சு, திருத்தச் சொன்னேன். வக்கீலு, அண்ணாச்சி இது கல்யாணப் பத்திரிகை இல்லன்னாரு. ஒரு பேரும் தப்பில்ல.”

“நகல் இருக்கா?”

இருந்தது. எங்கே போனாலும் அது அவரோடு போயிற்று. லட்சுமிகாந்தம் மேசை இழுப்பறையிலிருந்து பென்சில் ஒன்றை எடுத்தார். பத்திரத்தில் பெயர்களைச் சரிபார்க்கும் பழைய பழக்கத்தில் ஒவ்வொரு வரிக்கும் கீழே பென்சில் முனையை நகர்த்தி, உதடு அசைய, எழுத்தெழுத்தாக வாசித்தார். காகித வியாபாரி, மை வியாபாரி, படம் வரைந்து கொடுத்தவர், அச்சுத் தகடு செய்து தந்தவர், வட்டிக்கு விட்டவர்கள். ஹரிபிரசாத் கடிகாரத்தைப் பார்த்தார். பன்னிரண்டுக்கு ஏழு நிமிடம் இருந்தபோது பென்சில் ஓரிடத்தில் நின்றது. ஒரு பெயரைச் சுற்றி வட்டம் போட்டது.

“பதினேழு பாருங்க. ஊர், காவலன். நடுவுல ‘க்’ எங்க?”

சண்முகவேல் எழுந்து வந்து குனிந்து பார்த்தார். ‘ஊர்காவலன்’ என்று இருந்தது. ஒற்று இல்லை. அந்த மனுவையும் மூன்று முறை வாசித்தவர்தான் அவர். முப்பத்தொரு பேரில் முப்பது பேர் சொந்தத் தொழில் செய்கிறவர்கள். ஒருவன் மட்டும் தொழிலாளி. இருபத்திரண்டு ஆண்டுகள் அவருடைய அச்சகத்தில் தாள் வெட்டும் இயந்திரத்தில் நின்றவன். பட்டியலிலேயே சிறிய தொகை அவனுடையது. பிழை அந்தப் பெயரில் போய் உட்கார்ந்திருந்தது.

அவருடைய வாழ்க்கையில் இது இரண்டாவது பிழை. முதலாவது, இரண்டு ஆண்டுகளுக்கு முன் தினசரி காலண்டரில் ஒரு தை அமாவாசை ஒரு நாள் தள்ளி அச்சானது. நகைக்கடைகளும் துணிக்கடைகளும் அத்தனையையும் திருப்பி அனுப்பின. புது இயந்திரத்துக்குக் கடன் வாங்கியிருந்த ஆண்டு அது. ஒரு நாள் தள்ளிய அமாவாசை வீட்டையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது.

லட்சுமிகாந்தம் மனுவின் நகலைத் தாமே வைத்துக்கொண்டு, படிவத்தைத் திருப்பித் தந்தார்.

“பதினொன்னாம் கலம் காலியா இருக்கு. இந்த முப்பத்தோரு பேர்ல யாராச்சும் ஒருத்தர் அதுல கையெழுத்துப் போடட்டும். வேற யாரும் போட்டா நான் ஒத்துக்க மாட்டேன். கொண்டாந்தீகன்னா, ஆமா இல்ல ரெண்டுல ஒண்ண நான் எழுதித் தாரேன். மார்கழி பொறக்குறதுக்குள்ள வாங்க. அதுக்கப்புறம் நானும் குடிவைக்க மாட்டேன், நீங்களும் வர மாட்டீக.”

அன்று பிற்பகல் மூன்று மணிக்கு, வழக்கம்போல், அவர் மனைவியிடம் தொலைபேசியில் பேசினார். வீடு போன நாளிலிருந்து பத்திரகாளி தூத்துக்குடியில் தன் தம்பி வீட்டில் இருந்தாள். தம்பி மகனுக்குத் தையில் கல்யாணம். அவள் படுத்திருக்கும் அறை மணமக்களுக்கு வேண்டும். இதை அவள் அவரிடம் சொல்லவில்லை; தம்பி சொன்னார். தினமும் இருவரும் பேசுவது ஐந்து வாக்கியங்களுக்கு மேல் போகாது. சாப்பிட்டீகளா, சாப்பிட்டேன், மாத்திரை போட்டீகளா, போட்டேன், சரி. முப்பத்து மூன்று ஆண்டுக் குடித்தனம் இந்த அளவுக்குச் சுருங்கும் என்று அவர் நினைத்ததில்லை. அன்று அவள் கூடுதலாக ஒன்று கேட்டாள்.

“அந்த மாடி வீடு என்னாச்சு?”

“ஒரு கையெழுத்து வேணும்னிருக்காக. வாங்கணும்.”

மறுமுனையில் மிக்சி ஓடி நின்றது.

“அடுப்படி எந்தப் பக்கம் பாத்து இருக்கு?”

எட்டு மாதங்களில் அவள் கேட்ட முதல் கேள்வி அதுதான், மற்றவை விசாரிப்புகள். ஞாயிற்றுக்கிழமை அவர் சுவரின் ஓதத்தையும் குழாயையும் பார்த்தார், திசையைப் பார்க்கவில்லை. “கெழக்கு” என்றார்.

“சரி” என்று வைத்துவிட்டாள்.

மறுநாள் காலை, சொன்னது சரிதானா என்று பார்ப்பதற்காகவே அந்தத் தெருவுக்குப் போனார். வானம் மூடிக் கிடந்ததால் சூரியன் எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. எதிர்ச் சாரியில் குடையோடு நின்று, ரயில் பாதை போகும் போக்கை வைத்துக் கணக்கிட்டு, இரண்டாம் மாடியில் சமையலறைப் புகை வெளியேறும் ஓட்டையைக் கண்டுபிடித்தார். கிழக்குதான். அந்த வாரத்தில் அவருக்குச் சரியாக அமைந்தது அது ஒன்றுதான்.

ஏனென்றால் கையொப்பம் கிடைக்கவில்லை. சிவகாசியில் அது காலண்டர் சீசன். தெருவெல்லாம் அடுத்த ஆண்டு கட்டுக்கட்டாக லோடு ஏறிக்கொண்டிருந்தது. சண்முகவேல் அந்தச் சத்தத்துக்குள் கணக்கில் வராத ஆளாக நடந்தார். எந்தக் கதவின் பின்னால் எந்த இயந்திரம் ஓடுகிறது என்று ஒலியை வைத்தே அவரால் சொல்ல முடியும்; சொல்லத்தான் ஆளில்லை. பட்டியலில் முதல் பெயரான காகித வியாபாரி அய்யாதுரை அவரை உள்ளே அழைத்து உட்கார வைத்தார்.

“காப்பி சாப்பிடுங்க அண்ணாச்சி. பன்னு வேணும்னாலும் வாங்கித் தாரேன். கையெழுத்து மட்டும் கேக்காதீக. அத நம்பித்தான் உங்களுக்குத் தாளு குடுத்தேன்.”

சண்முகவேல் காப்பியைக் குடித்துவிட்டு வந்தார். குடிக்காமல் வந்தால் கோபம் என்று ஆகும். கோபப்படும் உரிமை தமக்கில்லை என்பதை அறிந்திருந்தார். மை வியாபாரி கூட்டத்தில் இருப்பதாகத் தொலைபேசியில் சொன்னார். பின்னணியில் அவர் வீட்டு நாய் குரைத்தது. தகடு செய்பவர் சிவகாசியில் இல்லை என்று கதவின் உள்ளிருந்து அவரே சொன்னார். பத்து நாட்களில் ஒன்பது பேர். மற்றவர்களின் எண்கள் மாறியிருந்தன, அல்லது இவருடைய எண்ணுக்கு மட்டும் மாறியிருந்தன.

பதினேழாவது பெயரைக் கடைசிக்கு வைத்திருந்ததற்குத் தூரம் காரணம் என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டார். இரண்டு பேருந்துகள் மாற வேண்டிய தூரம். டிசம்பர் 9, திங்கட்கிழமை, அவர் சாத்தூரில் இறங்கி அச்சங்குளம் பேருந்தில் ஏறினார்.

ஊர்க்காவலன் இப்போது பட்டாசுக் கம்பெனியில் காகிதக் குழல் சுற்றுகிறான். மழை பெய்தால் எதுவும் காயாது, எனவே வேலையில்லை. வீட்டு முற்றத்தில் கட்டியிருந்த தார்ப்பாயின் கீழ் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். அவனுடைய மனைவி அய்யம்மாள் உள்ளே அட்டைப் பெட்டிகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். மடித்த பெட்டிகள் சுவர் உயரத்துக்கு இருந்தன.

இருபத்திரண்டு ஆண்டுகள் சண்முகவேல் அவனை “ஏலே” என்றே கூப்பிட்டிருந்தார். இன்று அந்தச் சொல் வாசல்வரை வந்து திரும்பிவிட்டது. அதன் இடத்தில் வைக்க வேறு சொல் அவரிடம் இல்லை.

“ஊர்க்காவலன்...” என்றார்.

அவன் நிமிர்ந்து பார்த்துவிட்டுத் துண்டைத் தோளிலிருந்து எடுத்தான். பிறகு என்ன நினைத்தானோ, மறுபடியும் தோளிலேயே போட்டுக்கொண்டான். “யாரோ பள்ளிக்கூடத்துல பேரு வாசிக்காகன்னு பாத்தேன். என்ன மொதலாளி, பேர முளுசாச் சொல்றீக? ஏலேன்னாத்தான் எனக்குத் திரும்பிப் பாக்கத் தெரியும்.” முக்காலியை நகர்த்திப் போட்டான். “அங்கன ஒளுகுது, இங்கன உக்காருங்க.”

அய்யம்மாள் வெளியே வரவில்லை. உள்ளே இருந்தே பேசினாள். “போன வருசத் தீவாளிக்கு முந்தி கோர்ட்டுலருந்து ஒரு கடுதாசி வந்துச்சு. போனசுன்னு நெனச்சுப் பிரிச்சோம். மொதலாளி எம் பேருக்கு எளுதியிருக்காகன்னு இவரு தெருவுல நாலு வீட்டுல கொண்டுபோய்க் காட்டிட்டு வந்தாரு. நாலாவது வீட்டுலதான் படிச்சவுக இருந்தாக.”

“சும்மா இரு” என்றான் ஊர்க்காவலன். அதில் அழுத்தம் இல்லை.

சண்முகவேல் மன்னிப்பைப் பேருந்திலேயே வாக்கியமாக அமைத்து வைத்திருந்தார். அது பெரிய தவற்றுக்கு இல்லை; பெரிய தவற்றுக்கு வாக்கியம் அமையவில்லை. ‘உன்’ என்று சொல்ல நா எழவில்லை. ‘உங்க’ என்றால் கேலியாகப் படும். முன்னிலைச் சொல்லே இல்லாமல் தமிழில் வாக்கியம் அமைக்கலாம் என்பது அவருக்கு உதவியது.

“அந்தக் கடுதாசியில பேர்ல ஒரு எழுத்து விட்டுப்போச்சு. நாந்தான் சரிபாத்தேன். கவனிக்கல.”

ஊர்க்காவலன் அவரைக் கூர்ந்து பார்த்தான். “இதுக்கா இம்புட்டுத் தூரம், மழையில வந்தீக?”

“இல்ல. ஒரு கையெழுத்தும் வேணும்.”

படிவத்தை எடுத்தார். மஞ்சள் காய்ந்து மூலைகளில் பழுப்பாகியிருந்தது. வீடு, மார்கழி, லட்சுமிகாந்தம் போட்ட நிபந்தனை எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். அடுப்படி கிழக்குப் பார்த்தது என்பதை மட்டும் சொல்லவில்லை.

“இதுல கையெளுத்துப் போட்டா, எங்களுக்கு வரவேண்டியது ஒண்ணுமில்லன்னு ஆயிருமா?” என்றாள் அய்யம்மாள். இப்போது வாசலுக்கு வந்திருந்தாள். கையில் பாதி மடித்த பெட்டி.

“ஆகாது. அது வேற, இது வேற.”

“எல்லாரும் அப்பிடித்தான் சொல்றாக. வாசிங்க, கேப்போம்.”

வாசித்தார். “மேற்கண்ட நபரைப் பத்து ஆண்டுகளுக்கு மேலாக அறிவேன். அவர் நன்னடத்தை உடையவர் எனச் சான்றளிக்கிறேன்.”

தம்மைப் பற்றித் தாமே வாசிக்கும்போது குரல் எங்கே தாழ வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்று தெரியவில்லை. தார்ப்பாயில் தேங்கிய நீர் ஒரு பக்கம் சரிந்து கொட்டியது. ஊர்க்காவலன் எழுந்து, ஒரு கம்பால் தார்ப்பாயைக் கீழிருந்து நெம்பி மிச்ச நீரையும் வடித்துவிட்டு வந்து உட்கார்ந்தான்.

“மொத வரி சரி மொதலாளி. ரெண்டாவது வரிய அடிச்சிருங்க.”

சண்முகவேல் அந்த இரண்டாவது வரியைப் பார்த்தார்.

“கெட்டவுகன்னு சொல்லல. இருவத்திரெண்டு வருசம் தெரியும், அதுக்குப் போடுறேன். மத்தது எனக்குத் தெரியாது. தெரியாததுக்குப் போட்டுட்டு, நாளப்பின்ன அந்தம்மா கேட்டா என்னத்தச் சொல்ல?”

“தெரிஞ்சதுக்கே போட வேணாம்கேன்” என்றாள் அய்யம்மாள். “போடுறதுனா போட்டுத் தொலைங்க. பெட்டி நனையுது, கதவச் சாத்தணும்.”

சண்முகவேல் பேனாவைத் திறந்தார். படிவத்தை முழங்கால்மேல் வைத்த பையின்மீது பரப்பி, ‘அவர்’ என்ற சொல்லில் தொடங்கி ‘சான்றளிக்கிறேன்’ என்ற சொல்வரை ஒரு கோடு இழுத்தார். தாம் நன்னடத்தை உடையவர் என்பதைத் தம் கையாலேயே, நேராக, எழுத்துகளின் நடுவில் செல்லும்படி அடித்தார். முற்றுப்புள்ளியை விட்டுவைக்கலாமா என்று ஒரு கணம் தயங்கி, அதையும் அடித்தார்.

“அடிச்ச எடத்துல ரெண்டு பேரும் சுருக்கா ஒரு எழுத்துப் போடணும். இல்லன்னா செல்லாது.”

“நான் ‘ஊ’ன்னு போட்டா போதுமா?”

“போதும்.”

அவர் ‘ச’ போட்டார். அவன் ‘ஊ’ போட்டான். பிறகு கீழே கோடிட்ட இடத்தில், நாக்கு நுனியை உதட்டோரம் மடித்துக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தையும் தனித்தனியே நிறுத்தித் தன் பெயரை எழுதினான். ஊ, ர், கா, வ, ல, ன்.

சண்முகவேல் அதைப் பார்த்தபடியே இருந்தார். ‘க்’ இல்லை.

இருபத்திரண்டு ஆண்டுகளின் சனிக்கிழமைகள். ஒவ்வொரு சனிக்கிழமையும் சம்பளச் சீட்டில், அவர் மேசைக்கு எதிரே நின்று, இதே ஆறு எழுத்துகளை இப்படியேதான் எழுதினான். அவர் கண் இந்தப் பெயரை அவனிடமிருந்துதான் கற்றிருந்தது. மூன்று முறை வாசித்தும் பிழையாகப் படாமற்போனது அதனால்தான். அதைச் சொல்ல வாயெடுத்தார். சொன்னால் இத்தனை காலம் தன் பெயரைத் தவறாக எழுதியதாக அவன் நினைத்துக்கொள்வான். வாயை மூடிக்கொண்டார்.

கிளம்பும்போது ஊர்க்காவலன் படிவத்தை அவர் கையிலிருந்து வாங்கி, வெடிப் பாக்கெட் போடும் பாலித்தீன் உறை ஒன்றில் செருகி, வாயை இரண்டாக மடித்துக் கொடுத்தான். “தாளு நனையக்கூடாது மொதலாளி.” தாள் வெட்டும் இயந்திரத்தில் நின்ற நாட்களில், மழைக்காலத்தில், தினமும் அவன் சொல்லும் வாக்கியம் அது. பேருந்து நிறுத்தம்வரை கூட வருவான் என்று சண்முகவேல் எதிர்பார்க்கவில்லை. அவனும் வரவில்லை.

டிசம்பர் 12, வியாழக்கிழமை, மாலை நான்கரை. மழை வலுத்துப் பெய்தது. மார்கழிக்கு இன்னும் நான்கு நாள். லட்சுமிகாந்தம் தனியாக இருந்தார். பாலித்தீன் உறையைத் துடைத்துவிட்டுத் தாளை வெளியே எடுத்து, விளக்கைப் போட்டு வாசித்தார்.

“நன்னடத்தைய யாரு அடிச்சது?”

“அவரு சொன்னாரு. நான் அடிச்சேன்.”

“கோடு நேரா இருக்கு. ஸ்கேல் வச்சீகளா?”

“இல்லம்மா.”

சுருக்கொப்பங்கள் இரண்டையும் பார்த்தார். தலையை லேசாக அசைத்தார். பிறகு கையொப்பத்துக்கு வந்தார். பென்சிலை எடுக்கப் போன கை பாதியில் நின்றது.

“இவரும் ‘க்’ போடலையே.”

“அவரு அப்பிடித்தான் எழுதுவாரு.”

லட்சுமிகாந்தம் இழுப்பறையிலிருந்து மனுவின் நகலை எடுத்தார். பதினேழாவது பெயரைச் சுற்றித் தாம் போட்டிருந்த வட்டத்தை அழிப்பானால் தேய்த்து, துகளை ஊதிவிட்டு, வட்டம் இருந்த தடம்கூடத் தெரியக்கூடாது என்பதுபோல மறுபடியும் ஒரு முறை தேய்த்தார்.

“உக்காருங்க, எழுதித் தாரேன்” என்று படிவத்தையும் மனுவின் நகலையும் எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

சண்முகவேல் உட்காரவில்லை. சுவரில் தினசரி காலண்டர் தொங்கியது, யாரோ அடித்தது. மறுநாள் திருக்கார்த்திகை. தாளின் ஓரத்தைத் தூக்கி அடுத்த நாளில் அது சரியாக இருக்கிறதா என்று பார்த்தார். சரியாக இருந்தது. உள்ளே நாற்காலி நகரும் ஒலி. பேனா மூடியின் ஒலி. பின்பு வெகுநேரம் மழை மட்டும். அடுப்படிப் பக்கம் ஏதோ டப்பாவைத் திறந்து மூடும் ஓசை கேட்டது. சட்டைப் பையில் தொலைபேசி அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தார். பத்திரகாளி. அவளாகக் கூப்பிடுவது எட்டு மாதங்களில் இதுவே முதல் முறை. எடுக்கவில்லை. எடுத்தால் சொல்வதற்கு இன்னும் எதுவும் இல்லை. அதிர்வு நின்றது, மறுபடியும் தொடங்கியது.

லட்சுமிகாந்தம் வந்தார். நான்காக மடித்த தாள் ஒன்றை நீட்டினார்.

“கையெழுத்துப் போட்டிருக்கேன். வெளிய போய் வாசிங்க. எம் முன்னாடி நின்னு ஆளுக வாசிக்கிறத முப்பத்தாறு வருசம் பாத்தாச்சு.”

சண்முகவேல் இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார். எண்பது ஜிஎஸ்எம் இருக்கும் என்று விரல்கள் தாமாகச் சொல்லின. தாளின் ஒரு மூலையில் சிறு ஈரம் தட்டுப்பட்டது. மழை என்று எண்ணினார். மழை இந்த அறைக்குள் வரவில்லை. வாசலுக்கு வந்து, செருப்புகளைத் தேடிக் கால் அலைய, பையில் தொலைபேசி அதிர்ந்துகொண்டே இருக்க, தாளை இன்னும் பிரிக்காமல், வலக்கைக் கட்டைவிரலைத் திருப்பி மழை வெளிச்சத்தில் பார்த்தார். மஞ்சளாக இருந்தது.